நாலாவது முடிச்சு

எவர்சில்வர் தட்டு. மதியச் சோறு போடுகிற அளவு.
நாலு கூறாக்கி, எதிரெதிர்க் கூறுக்குக் கறுப்பு,
மீதிக்கு வெள்ளை. நடுவே ஓட்டை, கொடிக்கயிறு,
பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு.
நொச்சித்தாங்கலில் எனக்கு இதுதான் சம்பளம்:
இறக்க வேண்டும்,
தட்டு மறைகிற இடத்தில்
முடிச்சை எண்ண வேண்டும்.

முதல் வருஷம் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை.
தொட்டதும் விழுங்கியது.
பெயின்ட் வாளிக்குள் விட்ட மாதிரி
மணிக்கட்டு வரை பச்சை.
விடியலில் ஜிலேபி மீன்கள் வாயைப் பிளந்து
மேலே வந்து நிற்கும்,
இரவெல்லாம் பாசி இழுத்தது போக
மூச்சு மிச்சமிருக்கிறதா என்று.

"சாக்கடையத்தான் திருப்பியாச்சே, இன்னும் ஏன் நாறுது?"
கவுன்சிலர் கேட்டார், கைக்குட்டைக்குள்ளிருந்து.
கேள்வி சரிதான்.
காட்பாடிப் பக்கம் மூன்று நகர்களின் சோப்பு நுரை,
மூத்திரம், மாட்டுக் கொட்டகை கழுவிய நீர்,
எல்லாவற்றுக்கும் குழாய் பதித்து
வேறு வழி காட்டியாகிவிட்டது.
பதினெட்டு மாதம்.
தட்டு அதே இடத்தில்தான் மறைந்தது.

"சேறு" என்றாள் ஷகீரா,
சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து.
இருபது வருஷமாக நாம் போட்டதையெல்லாம்
வாங்கி வைத்திருந்ததாம்.
இப்போது திருப்பித் தருகிறது,
சில்லறை சில்லறையாக,
நாம் கை நீட்டாமலே.

பிறகு மீன் விவகாரம்.
சேற்றைக் கிளறுகிற கெண்டையெல்லாம் போகணும்,
விரால் விடணும்.
விரால் பொடிமீனைத் தின்னும்.
பொடிமீன் குறைந்தால் தண்ணீர்ப்பூச்சி பிழைக்கும்,
பூச்சி பாசியை மேயும்.
குத்தகைக்காரர் எல்லப்பன் கடைசிவரை கேட்டுவிட்டு
பீடியை மிதித்தார்:
"கடன்காரன் மேல கடன்காரன ஏவறீங்க.
என் கடன யாரு தின்னுவா?"
எழுநூறு கிலோ வலையில் வந்தது.
நஷ்டஈட்டுக் காசோலை
இன்னும் ஏதோ ஒரு மேஜையில் கையெழுத்துக்குக் கிடக்கிறது.
என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்துவதில்லை அவர்.

வேலூர் வெயிலை யாரும் புகழ்ந்து கேட்டதில்லை.
அந்த மே மாதம் நான் புகழ்ந்தேன்.
ஏரி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது,
ஜேசிபி இறங்கியது.
டிராக்டர் டிராக்டராகக் கரிய மண்
கத்திரித் தோட்டங்களுக்குப் போனது.
தண்ணீருக்கு நஞ்சாயிருந்தது
அங்கே உரம்.
புரட்டாசியில் ஒரு கிலோ வாங்கினேன்.
காம்பில் முள், தோலில் மினுக்கம்.
எண்ணெயில் வதங்கும்போது நினைத்துக்கொண்டேன்,
எங்கள் வீட்டுத் துணி துவைத்த பவுடரும்
இதில் எங்கோ இருக்கும்.
இரண்டாவது முறை போட்டுச் சாப்பிட்டேன்.

ஐப்பசி ஏமாற்றியது, கார்த்திகை ஏமாற்றவில்லை.
மார்கழியில், வண்டல் அடங்கிய பிறகு,
தஸ்தகீர் பரிசலை நடுவில் நிறுத்தினார்.
ஒன்று.
இரண்டு, கயிறு ஈரமாய் விரலில் நழுவுகிறது.
மூன்று.
மூன்றில் வழக்கமாக நின்று பழகாத கை
அவசரப்பட்டது.
நாலாவது முடிச்சும் தண்ணீருக்குள் போன பிறகும்
கீழே ஒரு வெள்ளைத் துண்டு,
அதற்குப் பக்கத்தில்
வேர்பிடித்து நிமிர்ந்த வேலம்பாசி ஒற்றைத் தண்டு,
தட்டு இடித்து ஒதுங்கி, மறுபடி நிமிர்ந்தது.
"எவ்ளோ?" என்றார் தஸ்தகீர்.
நான் சொல்லவில்லை.
அவரே எட்டிப் பார்க்கட்டும் என்று நகர்ந்தேன்.
பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தது.

இப்படியே முடித்துவிடலாம்.
ஆனால் அடுத்த வியாழன் இரண்டரை.
வரத்துக் கால்வாய்க்கு மேலே
புதிதாகக் கல் நட்டு, கொடி கட்டி,
மனைப்பிரிவு விற்கிறார்கள்.
அங்கிருந்தா, வயலிலிருந்தா,
இன்னும் தீராத அடிச்சேற்றிலிருந்தா,
ஷகீரா குழாய்களை வாங்கி வைத்திருக்கிறாள்.

நோட்டில் எழுதினேன்: 2½.
தட்டைத் துடைத்தேன்.
ஓரத்தில் வெள்ளை உரிந்திருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை
இன்னொரு பூச்சு அடிக்கணும்.